விறகு மெஷினும் அதன் பராமரிப்பும்

(அறக்கட்டளைப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





அல்ஹம்துலில்லாஹ், நம் வளாகத்தின் பின்புறத் தகரக் கொட்டகையில் இரண்டு மெஷின்கள் வந்து நிற்கின்றன. ஒன்று கட்டையைத் துண்டு போடும் ரம்ப மேடை. மற்றது துண்டுகளைப் பிளக்கும் ஹைட்ராலிக் மெஷின். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஆறு சகோதரர்கள் இவற்றை ஓட்டி விறகுத் தொழில் செய்யப் போகிறார்கள். பணம் தந்தவர்கள் நீங்கள். ஏன் இதை வாங்கினோம், ஏன் இன்னொன்றை வாங்கவில்லை, இது பத்து வருஷம் ஓட வேண்டுமானால் என்னென்ன செய்தாக வேண்டும் என்று உங்களிடம் விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.

கேஸ் அடுப்புக் காலத்தில் விறகுக்கு என்ன வேலை என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். வீட்டு அடுப்புக்கு வேலை குறைவுதான். ஆனால் ரமளானில் முப்பது நாளும் நோன்புக் கஞ்சி விறகில்தான் கொதிக்கிறது. பள்ளிவாசல்களுக்குக் கஞ்சி அரிசியை அரசு தருகிறது. விறகு நம் பொறுப்பு. வலீமா சாப்பாட்டுக்குப் பண்டாரிகள் இன்னும் விறகையே கேட்கிறார்கள், தம் போடத் தணல் வேண்டுமே! ஓட்டல்கள், டீக்கடைகள், ரொட்டி அடுப்புகள் எல்லாம் இருக்கின்றன. நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்துக்குப் பஞ்சமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விதைத்த மரம், இன்று கண்மாய், வயல், ஓடை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. நிலத்துக்குக் கெடுதல் என்றாலும் அடுப்புக்கு நல்ல மரம். அடர்த்தியானது, நின்று எரியும், தணல் பிடிக்கும்.

விறகு என்றதும் நமக்கெல்லாம் ஒரு செய்தி நினைவுக்கு வரும். உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும்தான் இருந்தன. அவற்றை ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்று, ஒன்றில் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றில் கோடாலியும் வாங்கி வரச் சொன்னார்கள். அந்தக் கோடாலிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் தம்மிடம் வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு திரும்பினார். இது அபூதாவூதில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியிருக்கிறது. பயான்களில் இதைப் பிச்சை எடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்வோம். நாங்கள் மெஷின் விஷயமாக அலைந்துகொண்டிருந்தபோது, அதில் வரும் காம்பைப் பற்றியே அதிகம் பேசிக்கொண்டோம். வெறும் இரும்பைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. பிடித்து வேலை செய்யத் தோதாக ஆக்கிக் கொடுத்தார்கள். தவணையும் சொன்னார்கள், திரும்பி வந்தபோது கணக்கும் இருந்தது.

மெஷின் வந்தால் கோடாலி பிடிப்பவன் கதி என்ன என்று ஒரு பெரியவர் கூட்டத்திலேயே எழுந்து கேட்டார். சரியான கேள்வி. அதனால்தான் இதை ஒரு முதலாளியிடம் வாடகைக்கு விடவில்லை. இதுவரை கோடாலியும் ஆப்பும் சம்மட்டியும் பிடித்துக் கூலிக்கு வெட்டிக்கொண்டிருந்த அதே ஆறு பேரிடம் ஒப்படைக்கிறோம். அவர்களில் இருவர் ஐம்பதைத் தாண்டியவர்கள். தோள்பட்டை வலிக்கு மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்.

இனித் தேர்வு செய்த விதம். வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பினார். ஐரோப்பாவில் ஓடும் பெரிய மெஷின். ஒரு பக்கம் முழு மரத்தை வைத்தால், அதுவே இழுத்து, அறுத்து, பிளந்து, மறுபக்கம் பெல்ட்டில் ஏற்றி லாரியில் கொட்டுகிறது. பார்க்கவே ஆசையாக இருந்தது. பெரும்பகுதிப் பணத்தைத் தாமே தருவதாகவும் சொன்னார்; அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக. ஆனால் வேண்டாம் என்று எழுதினோம். அந்த மெஷின் நேரான, ஒரே பருமனுள்ள மரத்துக்காகச் செய்யப்பட்டது. நம் கருவேலமோ ஒரு முழம் நேராகப் போனால் அடுத்த முழம் வளையும். கவை, முள், கணு எல்லாம் உண்டு. இழுக்கும் உருளையில் மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கையை விட்டு எடுக்க வேண்டும். விபத்து நடப்பதே அப்படி எடுக்கும்போதுதான். மேலும் நம் விறகில் பெரும்பகுதி நாலு அங்குலத்துக்கு உட்பட்ட கிளை. அதை அறுத்தால் போதும், பிளக்கவே தேவையில்லை. ஆகவே அறுப்பதற்கு ஒன்று, பிளப்பதற்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கினோம். ஒன்று பழுதானால் மற்றது ஓடும்.

பிளக்கும் மெஷினில் மலிவாக ஒரு வகை இருக்கிறது. மோட்டார் முனையில் திருகாணி மாதிரி ஒரு இரும்புக் கூம்பு சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டையைக் கையால் பிடித்து அதில் அழுத்த வேண்டும். விலை பாதிக்கும் குறைவு. அதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்தோம். கட்டை கூம்போடு சேர்ந்து சுற்றிவிட்டால் கை முறியும். கையுறையோ சட்டைக் கையோ மாட்டினால் விடாது. நம் மாதாந்திர உதவிப் பட்டியலில் இருக்கும் ஒரு சகோதரர், வெளியூர் மரக்கடை ஒன்றில் இப்படித்தான் மூன்று விரல்களை இழந்தார். மெஷினில் மிச்சம் பிடித்த பணத்தை அந்த முதலாளி என்ன செய்தாரோ, நமக்குத் தெரியாது. இந்தக் குடும்பத்துக்கு நாம் நான்கு வருஷமாக அரிசி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஹைட்ராலிக் வகையில் எண்ணெய் அழுத்தத்தில் ஒரு தண்டு மெதுவாக நகர்ந்து கட்டையை ஆப்பின் மேல் தள்ளும். நாம் வாங்கியதில் இரண்டு கைப்பிடிகள் உண்டு. இரண்டையும் இரண்டு கைகளால் அழுத்தினால்தான் தண்டு நகரும். ஒன்றை விட்டாலும் நின்றுவிடும். அதாவது, தண்டு நகரும்போது ஓட்டுபவரின் இரண்டு கைகளும் கைப்பிடியில்தான் இருக்கும். ஒரு கைப்பிடியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. நம் கொட்டகையில் அப்படிக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்தால், யார் வேண்டுமானாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லலாம்.

விற்பவர்கள் இருபது டன், முப்பது டன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அதைச் சரிபார்க்க இன்ஜினியர் வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கே போதும். சிலிண்டரின் உள்விட்டம் எவ்வளவு, அழுத்தம் எத்தனை பார் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். நம் சிலிண்டர் 10 செ.மீ.; அதன் பரப்பு 78.5 சதுர செ.மீ. அழுத்தம் 150 பார். ஒரு பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. பெருக்கினால் 11,775 கிலோ, அதாவது 12 டன் சுமார். ஓர் இடத்தில் இதே அளவுச் சிலிண்டரைக் காட்டி 20 டன் என்றார்கள். அதே அழுத்தத்தில் 20 டன் வர வேண்டுமானால் உள்விட்டம் 13 செ.மீ. இருக்க வேண்டும். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் அவர் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினார்.

பன்னிரண்டு டன் நமக்குப் போதுமா? எட்டு, ஒன்பது அங்குலக் கட்டைக்குப் போதும். முறுக்கு விழுந்த தூர்க்கட்டைக்குப் போதாது. தூரைக் கரி மூட்டம் போடுபவர்கள் வாங்கிக்கொள்வார்கள்; அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. பம்ப் நிமிடத்துக்கு 11 லிட்டர் எண்ணெய் தள்ளுகிறது. தண்டு 45 செ.மீ. முன்னே போக இருபது விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. இன்னும் வேகமாக வேண்டும் என்றால் பெரிய பம்ப், பெரிய மோட்டார், பெரிய மின்கட்டணம். ஐந்து ஹெச்.பி. மோட்டாரோடு நிறுத்திக்கொண்டோம்.

வாங்கும் முன் கோவைப் பக்கம் மூன்று பட்டறைகளுக்குப் போனோம். எல்லோரும் சவுக்குக் கட்டையை வைத்து வித்தை காட்டினார்கள். சவுக்கு நேராக நிற்கும், எதில் வைத்தாலும் பிளக்கும். ஆகவே இரண்டாம் முறை போகும்போது நம் ஊர்க் கருவேலத்தை அரை வண்டி ஏற்றிக்கொண்டு போனோம். வண்டி வாடகை வீண் செலவு என்று நிர்வாகக் குழுவிலேயே முணுமுணுப்பு இருந்தது. ஆனால் ஒரு பட்டறையின் மெஷினில் மூன்றாவது கட்டையிலேயே ஆப்பு வளைந்தது. மெஷின் வாங்க எண்ணும் எவருக்கும் எங்கள் யோசனை இதுதான்: உங்கள் கட்டையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அதோடு, உதிரிபாகம் பக்கத்து டவுனில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். நம் ரம்ப மேடையில் இருப்பது யூசிபி 208 பேரிங்கும் பி வகை பெல்ட்டும். இராமநாதபுரத்தில் இல்லாவிட்டால் மதுரையில் அன்றே கிடைக்கும். அந்தப் பட்டறையில் மட்டுமே செய்யும் விசேஷ பாகம் எதுவும் அதில் இல்லை.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. இதற்கென்று தனியாக மும்முனைத் தொழில் இணைப்பு வாங்கியிருக்கிறோம். பள்ளிவாசல் இணைப்பிலிருந்தோ வீட்டு இணைப்பிலிருந்தோ ஒயர் இழுத்து ஓட்டுவது முறையல்ல, சட்டப்படியும் குற்றம். மூன்று முனையில் ஒன்று போய்விட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே சுருள் கருகிவிடும். அதைத் தடுக்கும் கருவி ஸ்டார்ட்டரில் இருக்கிறது. அவசரத்துக்கென்று அதை நீக்கி நேரடியாக இணைக்கக் கூடாது.

ரம்ப மேடைதான் நாங்கள் அதிகம் பயப்படுவது. இருபத்து நான்கு அங்குலத் தகடு, நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு மேல். பல்லின் வேகம் விநாடிக்கு 45 மீட்டர் வருகிறது. கட்டையைக் கையால் தள்ளக் கூடாது என்பதற்காகத் தொட்டில் வைத்த மேடையாக வாங்கினோம். கட்டையைத் தொட்டிலில் கிடத்தி, தொட்டிலை மட்டும் தகட்டை நோக்கிச் சாய்க்க வேண்டும். விட்டால் அது தானாகத் திரும்பிவிடும். வளைந்த கட்டையை வைக்கும்போது வளைவு தொட்டிலில் அழுந்தி உட்கார வேண்டும். உருண்டால் தகடு பிடித்து வீசும். சுவிட்சை அணைத்த பிறகும் தகடு நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும். அது நிற்கும்வரை குனிந்து துண்டு பொறுக்கக் கூடாது. நம் ஆறு பேருக்கும் இதைப் பத்து நாள் பழக்கியிருக்கிறோம். இருந்தாலும் பெண்மக்களே, உங்களிடமும் சொல்கிறோம், ஏனென்றால் வீட்டில் நீங்கள் கேட்டால் அவர்கள் கேட்பார்கள். கைலி கட்டிக்கொண்டு மெஷின் பக்கம் போகக் கூடாது. பேன்ட், பொத்தான் போட்ட சட்டை, மூடிய செருப்பு, கண்ணாடி. தோளில் துண்டு கூடாது. மதியச் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும். காது மூடி போட்டவருக்குக் கூப்பிடுவதும் கேட்காது, பாங்கும் கேட்காது. ஆகவே லுஹர் நேரத்துக்கு மெயின் சுவிட்சை அணைக்கும் பொறுப்பை மோதினார் சாஹிபிடம் கொடுத்திருக்கிறோம். அவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

இனிப் பராமரிப்பு. நமக்கு எதையும் திறந்து வைக்கத் தெரியும், ரிப்பன் வெட்டத் தெரியும். இரண்டு வருஷம் கழித்து அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு. பிக்ஹு நூல்களில் வக்ஃபு பற்றி ஒரு சட்டம் உண்டு. வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் முதல் உரிமை அந்தச் சொத்தைப் பழுது பார்ப்பதற்கே. வக்ஃபு செய்தவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் அதுதான் முறை. கூரை ஒழுகும்போது வாடகையை வாங்கிப் பங்கு போட முடியாது. இந்த மெஷினுக்கும் அதையே வைத்திருக்கிறோம். விற்கும் ஒவ்வொரு குவிண்டாலுக்கும் பதினைந்து ரூபாய் தனிப் பெட்டியில் விழும். ஆறு பேரின் கூலிக்கு முன், அறக்கட்டளையின் பங்குக்கு முன், மின்கட்டணத்துக்கும் முன். அந்தப் பணத்தில் பேரிங், பெல்ட், எண்ணெய், தகடு தவிர வேறு எதுவும் வாங்கக் கூடாது. ஈத் செலவுக்குக் கைமாற்றாகக் கூட எடுக்கக் கூடாது.

தினசரி வேலை அதிகமில்லை. காலையில் மெயினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் மெஷினைத் தொட வேண்டும். மரத்தூளைத் துடைத்து எடுப்பது, மோட்டார் காற்றுத் துளையை அடைக்க விடாமல் பார்ப்பது, பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தி அரை அங்குலம் அமுங்குகிறதா என்று பார்ப்பது, தகட்டின் பல் அடியில் கீறல் உண்டா என்று வெளிச்சத்தில் பார்ப்பது. மயிரிழைக் கீறல் இருந்தாலும் தகடு பழைய இரும்புக்குத்தான், வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. அறுக்கும்போது சீவல் வராமல் மாவு மாதிரித் தூள் வந்தால், கருகல் வாடை அடித்தால், தகடு மழுங்கிவிட்டது. மழுங்கிய தகட்டில் கட்டையை அழுத்திப் பிடிக்கத் தோன்றும். கை வழுக்கினால் போகும் இடம் தகடுதான். வேலியில் நின்ற மரத்தில் ஆணியும் கம்பியும் புதைந்திருக்கும், அதைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும்.

ஹைட்ராலிக் எண்ணெய் 68 நம்பர், நம் வெயிலுக்கு அது ஒத்து வரும். முதல் 50 மணி நேரம் ஓடியதும் எண்ணெயும் வடிகட்டியும் மாற்ற வேண்டும், ஏனென்றால் புது மெஷினில் இரும்புத் துகள் கழன்று வரும். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஹோஸில் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையிலிருந்து 150 பாரில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும் அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. நம் கடற்கரைக் காற்றில் தண்டு துருப்பிடித்தால் சீல் கிழியும். வேலை முடிந்ததும் தண்டை உள்ளே இழுத்து நிறுத்தி, எண்ணெய்த் துணியால் துடைத்துவிட வேண்டும். இவ்வளவையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்து இடுவார்கள். மாதம் ஒரு முறை நாங்கள் பார்ப்போம், நீங்களும் பார்க்கலாம்.

மெஷின் நன்றாக ஓடினால் மட்டும் நல்ல விறகு வந்துவிடாது. பச்சைக் கட்டை 100 கிலோ வாங்கினால் அதில் 35, 40 கிலோ தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே விறகின் சூட்டில் ஒரு பகுதி போகும், புகையும் வரும். கஞ்சி காய்ச்சும் இடத்தில் பண்டாரியும் உதவிக்கு நிற்கும் பிள்ளைகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நிற்பதற்குக் காரணம் அதுதான். நாம் வழக்கமாக ஷஅபானில் விறகு வாங்குவோம். அடுத்த ரமளான் 2027 பிப்ரவரியில் வருகிறது. அப்படியானால் ஷஅபான் ஜனவரியில், அதாவது மழைக்காலம் முடிந்த கையோடு. அப்போது வெட்டும் கட்டை காயாது. ஆகவே வரும் ரமளானுக்கான விறகை இந்த ஆடியிலும் ஆவணியிலும் அறுத்துப் பிளந்து, ஐப்பசி மழைக்கு முன் உலர்த்திவிட வேண்டும். தரையில் கல் வைத்து, அதன் மேல் கம்பு போட்டு, காற்று புகும்படி அடுக்கி, மேலே மட்டும் தகரம் மூட வேண்டும். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் உள்ளே பூஞ்சைதான் பிடிக்கும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரே துண்டை வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. நோன்பு நாட்களில் அறுப்பு வேலையே கிடையாது, விற்பனை மட்டும்தான். தாகத்தோடும் களைப்போடும் யாரும் அந்தத் தகட்டின் முன் நிற்க வேண்டாம்.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கருவேலம் தானாக முளைத்ததுதானே என்று அடுத்தவர் பட்டாவில் புகுந்து வெட்டுவது ஆகுமானதல்ல. கண்மாயிலும் புறம்போக்கிலும் இருப்பதை ஏலத்தில் எடுத்தவரிடமே வாங்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல், பிளைவுட் வகையறாவைச் சமையல் விறகில் கலக்கக் கூடாது. அந்தப் புகை விஷம்.

ஜகாத் பணத்தில் இதை வாங்கினீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. மெஷின் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. ஜகாத் என்றால் தகுதியுள்ளவருக்கு உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்று நம் உலமாக்கள் சொன்னதால், முழுக்கப் பொது ஸதகாவிலிருந்தே வாங்கினோம். ஆறு பேரில் ஜகாத்துக்குத் தகுதியான மூவருக்குப் பாதுகாப்புக் காலணி, கண்ணாடி, காது மூடி ஆகியவற்றை ஜகாத்திலிருந்து வாங்கி, அவர்களுக்கே சொந்தமாகக் கொடுத்திருக்கிறோம். பில்கள் அனைத்தும் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன.

அஸருக்குப் பிறகு மெஷினை ஓட்டிக் காட்டுவார்கள். பெண்களுக்கு மதரஸா மாடியிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். வீட்டுக்கோ வலீமாவுக்கோ விறகு வேண்டுவோர் இப்போதே பெயர் கொடுத்தால் ஆவணிக்குள் அறுத்துக் காயவைத்துத் தருவார்கள். சொந்தத் தோட்டத்தில் கருவேலம் அகற்ற வேண்டியவர்களும் அலுவலகத்தில் சொல்லுங்கள், ஆட்கள் வந்து பார்த்து விலை பேசுவார்கள்.